பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்

வன்னியில் நான் பார்த்த வாசிகசாலைகளில் கரம் போட் இல்லாதது என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. பத்திரிகை வராத காலம் இருந்தது. புத்தக அலுமாரி பூட்டியே கிடந்த காலமும், அந்த அலுமாரியே விறகாகிப்போன காலமும் இருந்தன. கரம் போட்டை மட்டும் யாராவது ஒருவர் உரப்பையால் சுற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிடுவார். சட்டி பானையோடு அதுவும் இடம்பெயரும். போய் இறங்கின இடத்தில் தறப்பாள் கட்டி, அடுப்பு மூட்டி, நல்ல தண்ணிக் கிணறு எங்கே என்று விசாரித்து முடித்த இரண்டொரு நாளில், ஏதாவது ஒரு மரத்தடியில் காய் அடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கும்.

கனடாவில் இருக்கிற சின்னம்மாவின் மகன் அங்கே பூல் விளையாடுகிறான், மேசையில் கோலால் பந்தை அடித்துக் குழிக்குள் போடுகிற விளையாட்டு. வேலை முடிந்து போய் விளையாடுகிறவன்தான், ஆனாலும் அந்த ஆட்டத்தை உயிராக வைத்திருக்கிறான். போன மாதம் தொலைபேசியில் தன்னை மடக்கிய ஆட்களைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, “அண்ணை, உங்களுக்கு ஆரோட இருந்து விளையாடினது கஷ்டமாய் இருந்தது?” என்று கேட்டான். அன்று இரவு ஒவ்வொரு முகமாக வந்துகொண்டே இருந்தது. தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பூலும் கரமும் பார்க்க ஒரே குடும்பத்து விளையாட்டாகத் தெரிந்தாலும் உள்ளே கணக்கு வேறு. பூலில் அடிக்கிற வெள்ளைப் பந்தும் அடிவாங்குகிற பந்தும் கிட்டத்தட்ட ஒரே நிறை. சுழற்சி இல்லாமல் நேருக்கு நேர் மோதினால் வெள்ளைப் பந்து மோதின இடத்திலேயே நின்றுவிடும். கரத்தில் ஒரு காய் 5 முதல் 5.5 கிராம். காயை அடிக்கிற ஸ்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், அதாவது காயைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் நேராக மோதின பிறகும் ஸ்ரைக்கர் ஏறக்குறையப் பாதி வேகத்தோடு அதே வழியில் போய்க்கொண்டிருக்கும். குழிவாயில் இருக்கிற காயை நேராக அடித்தால் பின்னாலேயே ஸ்ரைக்கரும் விழும். விழுந்தால் பைன், அதாவது தண்டம், எடுத்த காயைத் திரும்ப வெளியே வைக்கவேண்டும். புதிதாக விளையாட வருகிறவர்கள் முதலில் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

பூல்காரருக்கு, அடுத்த அடிக்கு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பது பெரிய தலையிடி. எங்களுக்கு அது இல்லை. ஸ்ரைக்கர் ஒவ்வொரு முறையும் கைக்குத் திரும்பி வரும், கோட்டில் விரும்பின இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எழும்பக் கூடாது, கதிரையை நகர்த்தக் கூடாது, மேசையைச் சுற்றிப் போய் வசதியான பக்கத்திலிருந்து அடிக்க முடியாது. ஆட்டம் முடியும்வரை ஒரு மீற்றர் தூரம்கூட இல்லாத இடத்தில் இன்னொருவர் உங்கள் விரலையே பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த ஆள் யார் என்பது கரத்தில் அவ்வளவு முக்கியம்.

எங்கள் ஊர் மல்லாவிக்குக் கிட்ட. எனக்கு எதிரே இருந்தவர்களில் கடுமையானவர்கள் பலர் ஏதோ ஒரு கலவரமோ சண்டையோ கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டவர்கள். அவரவர் ஊர் ஆட்டத்தையும் கையோடு கொண்டு வந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெடியன்கள் நாங்கள், ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் ஒரு புது ஆட்டம் பழகினோம்.

முதலில் சொல்லவேண்டியவர் தச்சுவேலை செய்த ஐயா. 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் காடு வெட்டிக் குடியேறின. அப்படி வந்தவர். நான் அவரோடு இருந்து விளையாடத் தொடங்கியபோது அவருக்கு அறுபது கடந்திருந்தது. எங்கள் வாசிகசாலைப் போட்டைச் செய்தவரும் அவர்தான். சுற்றிவரச் சட்டம் நாலும் முதிரை மரம். மேற்பலகை யாரோ வீட்டு அலுமாரியின் முதுகுக்குப் போட்டிருந்த பிளைவூட். சட்டத்துக்கு இளகின மரம் போட்டால் காய் மோதின இடத்திலேயே செத்துப்போகும், திரும்பி வராது என்பார். குழியின் அகலம் நாலரைச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, காயின் அகலம் மூன்றுக்குக் கொஞ்சம் அதிகம். அந்த ஒன்றேகால் சென்ரிமீற்றர் இடைவெளியை அவர் உளியால் வெட்டி, அரத்தால் தேய்த்து, ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன்.

மார்கழி மழைக்குப் பலகை ஈரம் குடித்து இறுகிவிடும். எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் பாதியில் நிற்கும். அந்த நாட்களில் ஐயா போட்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படிச் சுவரில் சாத்தி வைப்பார். பின்னேரம் தலையில் வைத்துச் சாக்கால் மூடிக்கொண்டு வருவார். வந்ததும் விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார். எந்தச் சட்டம் இன்றைக்கு எப்படித் திருப்பித் தரும் என்பது அந்தத் தட்டலில் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய ஆட்டத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் அவரைச் சாதாரண ஆள் என்றே நினைப்பார்கள். முதல் ஏழெட்டு அடியில் அவர் ஒரு காயைக்கூட உள்ளே போடமாட்டார். இலேசாகத் தள்ளுவார். தள்ளின காய் மெல்லப் போய்க் குழிவாயில் நிற்கும். அடுத்த முறை அடுத்த குழிக்கு. நாங்கள் அதற்குள் நாலைந்து காய் எடுத்திருப்போம், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எங்களுக்குக் கைதட்டுவார்கள். பிறகு திடீரென்று கண்ணுக்குத் தெரியும்: நாலு குழியிலும் அவருடைய காய் காவலுக்கு நிற்கிறது. எங்கள் காயை எந்தக் குழிக்கு அனுப்பினாலும் அவருடைய காய்தான் உள்ளே விழும். அது அவர் கணக்கில் சேரும், முறையும் அவருக்குப் போகும். விலத்தி அடிக்கலாம் என்றால் காவல் காயைச் சட்டத்தோடு சட்டமாகத் தட்டிக் கழற்றவேண்டும். ஒரு காவலைக் கழற்ற ஒரு முறை செலவாகும். அதற்குள் அவர் கழற்றின இடத்தில் இன்னொன்றை வைத்துவிடுவார்.

எங்களுக்கு நல்ல காய் தீர்ந்து, சட்டத்தோடு ஒட்டிக்கிடக்கிறதும் ஒன்றோடொன்று முட்டிக்கிடக்கிறதும் மட்டும் மிஞ்சும்வரை ஐயா காத்திருப்பார். அதற்குப் பிறகு தொடங்குவார். நாலு மூலையிலும் வாயில் நிற்கிற காய், ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. இடையில் நடுக் காயான சிவப்பு. முடிந்தது.

எனக்குப் பதின்மூன்று பதினாலு வயது. வேகமாக அடித்தால் வெல்லலாம் என்று நம்புகிற வயது. ஐயா ஒருநாளும் கேலி பண்ணியதில்லை. “தம்பி, பலகை எங்கயும் ஓடிறாது. பாத்து அடிங்க” என்பார், தோட்டத்துப் பேச்சு மாறாமல். அவருடைய நடுவிரல் நகத்தின் கீழே உளிபிடித்துக் காய்த்த ஒரு தடிப்பு இருந்தது. சுண்டும்போது அந்தத் தடிப்புத்தான் ஸ்ரைக்கரில் படும். அதனால் சத்தமே வராது. அடித்தாரா இல்லையா என்று தெரிவதற்குள் காய் நகர்ந்திருக்கும்.

காவல் வைத்து விளையாடுவதை இழுவை ஆட்டம், பார்க்க அலுப்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எதிரே இருப்பவருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று முழுப் பலகையையும் மனதில் வைத்து விளையாடுவது, ஒரு நல்ல வெட்டு அடியைவிடப் பெரிய திறமை.

சரி, அடுத்தவர் மாஸ்ரர்.

1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. தென்மராட்சிக்குப் போனவர்களில் பெருந்தொகையானோர் பிறகு கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி நகரமும் இடம்பெயர, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எல்லாம் சனத்தால் நிறைந்தன. எங்கள் வளவில் மாத்திரம் மூன்று குடும்பம் கொட்டில் போட்டிருந்தது. அதில் ஒரு குடும்பத் தலைவர்தான் மாஸ்ரர், யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர்.

அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. அதற்குள் கண்ணாடி இல்லை, பருத்தித் துணியில் சுற்றின ஸ்ரைக்கர் இருந்தது. எங்கள் வாசிகசாலைக்கு வந்த முதல் நாள் இரண்டு ஆட்டத்தைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பியவை, நீங்கள் விளையாடுறது நல்லாயிருக்கு. ஆனால் சட்டப்படி விளையாடினால் இன்னும் நல்லாயிருக்கும்” என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சட்டம் என்று ஒன்று தெரிந்தது. ஸ்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொடவேண்டும். ஓரத்து வட்டத்தில் வைத்தால் வட்டத்தை முழுக்க மூடவேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. முழங்கை அம்புக்கோட்டுக்கு வெளியே போகக் கூடாது. எதிராளியின் மிஞ்சின காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, சிவப்புக்கு மூன்று. ஆகக்கூடினால் ஒரு போட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 12. இருபத்தைந்து புள்ளி, இல்லாவிட்டால் எட்டு போட், எது முதலில் வருகிறதோ அதோடு ஆட்டம் முடிவு. 22 புள்ளிக்கு வந்தவருக்குச் சிவப்பின் மூன்றும் கிடையாது. மாஸ்ரர் இதையெல்லாம் பழைய கொப்பியின் நடுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மரியா இருதயம் என்ற பெயரை எனக்குச் சொன்னவரும் அவர்தான். சென்னைத் தமிழர் ஒருவர் 1991இலும் 1995இலும் கரத்தில் உலகச் சம்பியன் என்று கேட்டபோது நாங்கள் நம்பவேயில்லை. நாங்கள் மரத்தடியில் விளையாடுகிற விளையாட்டுக்கு உலகச் சம்பியன் இருக்கிறார் என்பதே பெரிய செய்தி.

மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரிகிற விளக்கு. இரவில் அந்த விளக்கு ஒன்றை வைத்து விளையாடினால் ஒரு பக்கத்துக் குழிகள் நிழலுக்குள் போய்விடும். மாஸ்ரர் ஒவ்வொரு போட் முடியவும் விளக்கை எடுத்து மற்றப் பக்கத்தில் வைப்பார். நிழல் இரண்டு பேருக்கும் சமனாகப் போகவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பவுடரும் தட்டுப்பாடு. யாராவது வீட்டில் பிள்ளை பிறந்தால், பிள்ளைக்குப் பூசுகிற பவுடரில் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி வருவோம், அதைத் துணியில் முடிந்து தட்டித் தட்டிப் போடுவோம்.

அவருடைய ஆட்டம் ஐயாவின் ஆட்டத்துக்கு நேர் எதிர். வாய்ப்புக் கிடைத்தால் எழும்பமாட்டார். முதல் அடியில் குவியலை உடைப்பார், பிறகு ஒவ்வொரு காயாகப் போகும். எந்தக் காயை எடுக்கும்போதும் ஸ்ரைக்கர் இன்னொரு காயை இலேசாகத் தட்டி அடுத்த அடிக்குத் தயாராக்கி வைத்துவிட்டே வரும். உடைத்தவர் ஒரே முறையில் முழுவதையும் முடித்தால் வைற் ஸ்லாம். அதை என் கண்ணால் முதலில் பார்த்தது அவர் கையில்தான். எதிரே இருந்தது நான். ஒரு அடி அடிக்காமல் தோற்றேன். அந்தச் சில நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்ததில் நான் படித்தது அதற்கு முந்தின வருடங்களில் படித்ததைவிட அதிகம்.

சிவப்பில் அவர் ஒரு விடயத்தில் இறுக்கம். சிவப்பைப் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போடவேண்டும், அதுதான் கவர். கவருக்கு ஒரு காய் உறுதியாக இல்லாமல் சிவப்பைத் தொடமாட்டார். “சிவப்பை ஆரும் போடலாம். கவர் காய் எங்க இருக்கெண்டு முதல்ல பார்” என்பார். எங்களில் பலர் சிவப்பைப் போட்ட சந்தோசத்தில் அடுத்த அடியைத் தவறவிட, அது திரும்ப நடுவட்டத்துக்கு வந்துவிடும்.

ஐயாவும் மாஸ்ரரும் எதிரெதிரே இருந்த பின்னேரங்களுக்குச் சனம் கூடும். பெண்கள்கூடத் தண்ணிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலியடியில் நின்று பார்ப்பார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மாஸ்ரருக்கு உடைக்கிற முறை வந்தால் பெரும்பாலும் அவர் வெல்வார். அவருடைய ஓட்டம் ஒரு இடத்தில் தடைப்பட்டால் ஐயா காவல் போட்டுவிடுவார், பிறகு அவரிடமிருந்து தப்ப முடியாது. யார் பெரிய ஆள் என்று ஊர் இரண்டுபட்டிருந்தது. நான் ஐயாவின் பக்கம். இன்றைக்கும் அதே பக்கம்தான்.

ஆனால் என்னை உண்மையாகவே உலுக்கிப்போட்டவர் இவர்கள் இருவரும் இல்லை.

2002இல் சமாதானம் வந்து ஏ-9 பாதை திறந்தது. வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புதுப் போட், போரிக் பவுடர், நைலோன் வலை வைத்த குழி எல்லாம் வந்தன. வாசிகசாலைகள் ஒன்றையொன்று அழைத்துப் போட்டி வைக்கத் தொடங்கின. ஜெனரேற்றர் பிடித்து, போட்டுக்கு மேலே குண்டு பல்ப் தொங்கவிட்டு விளையாடினோம். அந்த பல்பின் சூட்டுக்குப் பலகை காய்ந்து, காய் வழுக்கிக்கொண்டு போகும். அதுவரை விளையாடிய விளையாட்டுத்தானா இது என்றிருக்கும். அப்படி ஒரு போட்டியில் புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அண்ணை. எறிகணையில் வலக்கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. பிறப்பிலேயே வலக்கைக்காரர், கை போவதற்கு முன்னரும் நல்ல ஆட்டக்காரர் என்று அவருடைய ஊர்க்காரர் சொன்னார்கள். இடக்கையால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகியிருக்கிறார்.

குழியில் விழுந்த ஸ்ரைக்கரை நாங்கள் எடுத்து அவர் பக்கம் வைக்கப் போனால் தலையால் வேண்டாம் என்பார். தானே எடுப்பார். பொதுவாக எல்லோரும் ஒரு கையால் ஸ்ரைக்கரை நகர்த்திச் சரிபார்த்து, மற்றக் கையால் அடிப்பார்கள். அவருக்கு வைப்பதும் அடிப்பதும் ஒரே கை. சுட்டுவிரலால் ஸ்ரைக்கரைக் கோட்டில் தள்ளிக்கொண்டு போவார். போகிற போக்கில் ஓரிடத்தில் விரல் நிற்கும், நின்ற அதே கணத்தில் சுண்டிவிடுவார். எதிரே இருப்பவருக்கு மூச்சு விட நேரம் கிடையாது. எங்கே அடிக்கப்போகிறார் என்று நான் யோசிக்கத் தொடங்கும்போது காய் வலைக்குள் கிடக்கும்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. வலக்கைக்காரருக்குக் கோட்டின் வலது அந்தத்திலிருந்து அடிப்பது சிரமம். முழங்கை வெளியே போகப் பார்க்கும். அதனால் எதிராளிக்குக் காய் விடவேண்டி வந்தால், அந்த மூலையிலிருந்து மட்டும் அடிக்கக்கூடிய காயை விடுவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். அவருக்கு அந்த மூலைதான் வாசல். நான் கஷ்டமென்று விட்டதெல்லாம் அவருக்கு லேசு. லேசென்று மறைத்ததை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பத்து வருடமாகக் கைக்குள் ஊறின பழக்கத்தை ஒரு ஆட்டத்துக்குள் தலைகீழாகத் திருப்பவேண்டியிருந்தது.

மூன்றாவது ஆட்டம். எனக்கு 22, அவருக்கு 19. நான் மூன்று புள்ளி எடுத்தால் போதும். ஆனால் 22க்கு வந்துவிட்டதால் சிவப்பு எனக்கு ஒன்றும் தராது. அவருக்கு அது மூன்று. அதோடு என் காய் மூன்று மிஞ்சினால் சரியாக 25. ஆகவே எனக்கு உதவாத சிவப்பை நான் காவல் காக்கவேண்டும். இதைவிடக் கொடுமையான நிலை கரத்தில் இல்லை என்று நினைக்கிறேன். சிவப்பை அவருடைய கோட்டுக்குப் பின்னால், சட்டத்துக்குக் கிட்டத் தள்ளிவிட்டேன். கோட்டுக்குப் பின்னால் கிடக்கிறதை எடுப்பதென்றால் ஸ்ரைக்கர் எதிர்ச் சட்டம்வரை போய், மோதி, முழுப் பலகையையும் திரும்பக் கடந்து வரவேண்டும். இடையில் ஏழெட்டுக் காய் சிதறிக் கிடந்தது.

அவர் முதன்முறையாக நிறுத்தினார். குனிந்து பலகைக்குக் கண்ணைச் சமன்படுத்திப் பார்த்தார். பிறகு அடித்தார். வேகமாக இல்லை. ஸ்ரைக்கர் என் பக்கத்துச் சட்டத்தில் மெல்லத் தட்டித் திரும்பி, இரண்டு கறுப்புக்கு நடுவால், ஒன்றையும் முட்டாமல் போய்ச் சிவப்பின் ஓரத்தைத் தொட்டது. சிவப்பு சட்டத்தை உரசிக்கொண்டே போய் அவருடைய இடது குழியில் விழுந்தது. கவருக்கு அவர் எடுத்ததும் அதே மாதிரிப் பின்னால் கிடந்த இன்னொரு காய், திரும்பவும் எதிர்ச் சட்டத்தில் அடித்து. அதற்குப் பிறகு நேரான காய்கள். என் காய் மூன்று பலகையில் நின்றது.

கூட்டம் சத்தம் போட்டது. அவர் என் பக்கம் சாய்ந்து, “தம்பி, நல்ல போட். இன்னொருக்கா இருப்பமே?” என்றார். அன்றைக்கு இரவு ஜெனரேற்றர் நிற்கும்வரை இருந்தோம். பிறகும் பல போட்டிகளில் சந்தித்தோம், சிலதில் நான் வென்றேன். அந்தச் சட்டத்தில் அடித்துத் திரும்புகிற அடியை எனக்குப் படிப்பித்தார். ஸ்ரைக்கரைப் பார்க்காதே, எதிர்ச் சட்டத்தில் அது தொடப்போகிற புள்ளியை மட்டும் பார் என்றார்.

2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் எவரைக் கண்டாலும் கேட்கிறேன். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இடக்கையால் கரம் விளையாடிய அந்த அண்ணையைத் தெரிந்திருந்தால் எனக்கு அறியத்தாருங்கள். எப்படியான செய்தி என்றாலும் தெரியவேண்டும்.

போர் முடிந்த அந்த வருடம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எங்கள் வரிசைக் கூடாரங்களுக்கு முன்னால் ஒரு போட் உருவானது. பெட்டியில் கழற்றின பலகை, கரியால் கீறின கோடு, சூடாக்கின கத்தியால் வெட்டின குழி. காய்க்குத் தண்ணிப் போத்தல் மூடி. நீலம் கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் ஆனது, சிவப்புக்கு ஒரு மருந்துப் போத்தலின் மூடி. வெறும் மூடி காற்றுக்கே நகரும் என்பதால் உள்ளே மெழுகுதிரி உருக்கி ஊற்றினோம். தைல டப்பி ஒன்றில் மண்ணும் மெழுகும் நிரப்பி ஸ்ரைக்கர் ஆக்கினோம். முல்லைத்தீவுக் கரையோர ஊர் அக்கா ஒருவர் அந்தப் போட்டில் எங்கள் எல்லோரையும் வென்றார். இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து இருந்தார்.

கையால் ஊற்றின மெழுகு என்பதால் ஒவ்வொரு மூடியும் ஒவ்வொரு நிறை. நேராக அடித்தாலும் ஒன்று இடப்பக்கம் இழுக்கும், ஒன்று சுழன்று நிற்கும். நாங்கள் அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டோம். அக்கா பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே ஒவ்வொரு மூடியையும் அடையாளம் வைத்திருந்தார். விளிம்பு நெளிந்தது எப்படி ஓடும், எழுத்துத் தேய்ந்தது எந்தப் பக்கம் இழுக்கும் என்று எல்லாம் தெரியும். “இதை மெதுவா விடோணும் தம்பி, இது ஓடிப்போய் நிண்டு திரும்பும்” என்று சொல்லிவிட்டே அடிப்பார், அது அப்படியே போய் நின்று திரும்பும். வலை முடிந்து பழகின விரல். அந்த முகாமில் சிரித்த நாட்கள் மிகக் குறைவு, அதில் பல அந்தப் போட்டைச் சுற்றி இருந்தவை. மீள்குடியேற்றத்தில் அவர்கள் கரைக்குப் போனார்கள், நாங்கள் மல்லாவிக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு கரமும் மாறிவிட்டது. 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் நிஷாந்த பெர்னாண்டோ சம்பியன் ஆனார். எங்கள் ஊருக்கும் மின்சாரமும் கைத்தொலைபேசியும் வந்து சேர்ந்தன. இப்போதைய பிள்ளைகள் உலக ஆட்டங்களைப் படுத்திருந்து பார்க்கிறார்கள். பாடசாலைகளுக்கிடையே கரம் முறையான போட்டி. 2024இல் சென்னைப் பிள்ளை காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் எடுத்தபோது, எங்கள் வாசிகசாலைக்கு வருகிற ஒரு பாடசாலைப் பிள்ளை அந்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது என் எதிரே இருக்கிறவர்களில் மிகக் கடுமையான ஆள் அவள்தான். இங்கேயே, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பிறந்தவள். எங்கிருந்தும் பெயர்ந்து வராத முதல் ஆள். அதில் எனக்குப் பெரிய சந்தோசம்.

அவளுக்கு மாஸ்ரரின் சுத்தம் இருக்கிறது. கேட்டால் தெரியாது என்பாள், அவள் மாஸ்ரரைக் கண்டதே இல்லை. சட்டத்தில் அடித்துத் திரும்புகிற அடியை நான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன், அண்ணை சொன்ன அதே வார்த்தைகளில். அதில் மட்டும் இன்னும் என் கை மேலே. ஆகவே அவளை மடக்க நான் நம்பியிருந்தது ஐயாவின் காவல் ஆட்டத்தை. போன கிழமை நாலு குழியிலும் என் காயை நிறுத்தி, அவளுடைய நல்ல காய்கள் தீரட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் ஒன்றும் கழற்றவில்லை. என் காவல் காய் ஒன்றைத் தானே நேராக அடித்துக் குழிக்குள் போட்டாள். அவளுக்கு முறை போனது, எனக்கு ஒரு காய் இலவசமாக வந்தது. நான் ஏதோ கை தவறிவிட்டது என்றே நினைத்தேன். என் முறை முடிந்து திரும்ப வந்தபோது, அந்தத் திறந்த குழிக்கு நேரே அவளுடைய காய் ஐந்து கிடந்தது. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. “மாமா, உங்கட காயை உங்களுக்கே தந்திட்டன், வழியை நான் எடுத்திட்டன்” என்றாள். கணக்குச் சரிதான். ஒரு காயைக் கொடுத்தால் ஒரு புள்ளிதான் நட்டம். காவலைத் திரும்பத் திரும்பக் கழற்றி முறைகளைச் செலவழிப்பதைவிட அது மலிவு.

ஐயாவுக்கு எதிரே அத்தனை பேர் இருந்திருக்கிறோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஐயா இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் வைத்திருப்பார் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: எதிராளியின் காய் அதிகமாகப் பார்க்கிற குழிக்கு ஒரு காவல் போதாது. முன்னும் பின்னுமாக இரண்டு காய் வைக்கவேண்டும். முதலாவதை அவள் எனக்குக் கொடுத்தாலும் இரண்டாவது நிற்கும், இரண்டையும் கொடுக்க அவளுக்கு மனம் வராது. நாலு குழியையும் காப்பதை விட்டு, இரண்டு குழியை மட்டும் இறுக்கமாகப் பூட்டிப் பார்க்கலாம். சனிக்கிழமை அவள் ரியூசன் முடித்து நாலு மணிக்கு வருவாள். வைத்துப் பார்க்கப்போகிறேன்.